கழுத்துக் கோடு

நம் சிறுவயதுத் தோழர்கள் குழுவில் பாதிப் பேருக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. மீதிப் பேர் தேதிக்குக் காத்திருக்கிறோம். போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் நாமெல்லாம் கூடியபோது, சனிக்கிழமை காலைகளில் நான் எங்கே காணாமல் போகிறேன் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். சுபாங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில், புதிதாகப் பென்சில் பிடிப்பவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குள் ரசம் வந்துவிட்டது, பேச்சு சர்க்கரை அளவுக்கும் முழங்கால் வலிக்கும் போய்விட்டது. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்தத் தகரக் கொட்டகை உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் இப்போது கொண்டோமினியம் அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அப்போது எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் இருந்தது. இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு கால்வாய், கடைசியில் அந்தக் கொட்டகை. கல்யாணச் சமையலும் யூனியன் கூட்டமும் அதில்தான் நடக்கும். அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தார். முறை மாறி மாறி வரும் வேலை என்பதால் பாதி நாள் பகலில்தான் தூங்குவார். வீட்டில் எல்லோரும் கிசுகிசுத்துப் பேசுவோம், அம்மாவைத் தவிர. அவளுக்குக் கிசுகிசுக்கவே வராது. திடலில் விளையாடும் என்னை வாசலில் நின்றபடியே கூப்பிடுவாள். ரயில் போகும் இரைச்சலையும் தாண்டி அந்தக் குரல் வந்து சேரும். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் பொழுதாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறை. தினமும் மத்தியானம் ஆனால் மழை.

டீச்சர் என்று நாங்கள் கூப்பிட்டோமே தவிர, அவருக்கு அப்போது வேலையே கிடைத்திருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓவியம் படித்து முடித்துவிட்டு, எந்த ஊர்ப் பள்ளிக்குப் போடுவார்களோ என்று காத்திருந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். எங்கள் வரிசையில் அவருடைய அண்ணன் வீடு. அங்கே சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் வீடு வீடாக வந்து, சனிக்கிழமை காலையில் கொட்டகையில் படம் வரையச் சொல்லித் தருகிறேன், சின்னவர்கள் பெரியவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கூப்பிட்டார். மழையில் நனையாமல் ஒரு இடத்தில் கிடக்கட்டும் என்று அம்மா என்னை அனுப்பினாள்.

சின்னவர்களில் பெண் நான் ஒருத்திதான், மற்றபடி குவாட்டர்ஸ் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள். பெரியவர்களில் இரண்டு பேர். ஒருவர் தையல்கார அக்கா. ரவிக்கைக்குப் புது டிசைன் போடக் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வந்தார். இன்னொருவர் கிளார்க் அங்கிள். அரசாங்க கிளினிக்கில் பேர் பதியும் கவுண்டரில் இருந்தவர். பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் என்பதால் ஒரு பொழுதுபோக்கு தேடிக்கொண்டிருந்தார். நன்றாகச் சீவிய பென்சிலும் ஓரடி ஸ்கேலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்.

முதல் நாள் டீச்சர் ஒரு கோப்பிக் கோப்பையை ஸ்டூல் மேல் வைத்து வரையச் சொன்னார். நாங்கள் எல்லோரும் வாயை முழு வட்டமாகப் போட்டோம், அடியை நேர்க்கோடாகப் போட்டோம். இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்கள் முதல் நாள் அதையேதான் செய்கிறார்கள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவரும் அப்படித்தான், காலேஜ் படிக்கும் பெண்ணும் அப்படித்தான்.

"கோப்பை வாய் வட்டம்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் டீச்சர். "ஆனா நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலேர்ந்து வட்டமாவா தெரியுது? ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க. தெரிஞ்சதை வரையாதீங்க. தெரியறதை வரைங்க."

அந்த வாக்கியத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னார். அடுத்த வாரம் மரநாற்காலி. நாற்காலியை வரைய வேண்டாம், கால்களுக்கு நடுவே இருக்கும் வெறும் இடத்தை மட்டும் வரையுங்கள் என்றார். பையன்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த வெறும் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தபோது, தாளில் நாற்காலி தானாக வந்து நின்றது. நான் இன்னொரு தாளை எடுத்து முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். கிளார்க் அங்கிள் மட்டும் ஸ்கேல் வைத்து அளந்து அளந்து போட்டார். அவருடைய நாற்காலி சவப்பெட்டி மாதிரி இருந்தது.

கரித்துண்டுகளை டீச்சரே செய்வார். குச்சிகளைப் பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, எங்கள் வீட்டுப் பின்கட்டு அடுப்பில் வைத்துவிடுவார். ஓட்டை வழியாகப் புகை மெல்லிய நூலாக வரும். அது நின்றதும் டின்னை எடுத்து ஆறவைக்க வேண்டும். திறந்தால் குச்சிகள் குச்சிகளாகவே இருக்கும், நிறம் மட்டும் கறுத்திருக்கும். ஒன்றோடொன்று தட்டினால் கண்ணாடி போல ஒலிக்கும். பார்வையற்றோர் சங்கம் பக்கத்தில்தான் என்பதால் எங்கள் தெருவில் கண் தெரியாதவர்கள் வெள்ளைக் கம்போடு நடந்துபோவார்கள், அது நமக்கெல்லாம் பழகின காட்சி. அவர்களைப் பார்த்துத்தானோ என்னவோ, ஒரு வாரம் டீச்சர் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டு, கையில் ரம்புத்தான் பழத்தைக் கொடுத்து, தடவிப் பார்த்து வரையச் சொன்னார். பையன்களில் ஒருவன் வரைவதற்கு முன்பே அதைத் தின்றுவிட்டான்.

டீச்சரிடம் ஒரு பழக்கம். தப்பான கோட்டைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. பின்னால் வந்து நின்று, கட்டைவிரலால் தேய்த்து அழித்துவிடுவார். கரிக்கோடு ஒரு தேய்ப்பில் போய்விடும். அவருடைய கட்டைவிரல் எப்போதும் கறுப்பாகவே இருக்கும்.

பிறகு ஓர் ஆளை உட்காரவைத்து வரைய வேண்டும் என்றார். குவாட்டர்ஸ் பெண்கள் யாரும் சம்மதிக்கவில்லை. கூச்சம், வீட்டு வேலை, கணவன் திட்டுவான். கடைசியில் அம்மா, "உட்காரத்தானே சொல்றே? நான் வரேன் லா," என்றாள்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காதவள் அவள். ஆனால் அந்த விடுமுறையில் கொஞ்சம் மாறித்தான் போயிருந்தாள். பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தால் கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிடுவாள். குரலும் கம்மியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சு என்று அப்பா கேலி செய்வார். வயசாகி உடம்பு போட்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

அம்மா எப்போதும் இடது தோளில் ஒரு துண்டைப் போட்டுக் கழுத்தைச் சுற்றிவிட்டிருப்பாள். அடுப்படியில் வேர்வை துடைக்க என்பாள். நாற்காலியில் உட்கார்ந்ததும், "தோள் தெரியல அக்கா, துண்டை எடுத்துடுங்க," என்றார் டீச்சர். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கதவு வழியாக வந்த வெளிச்சம் அவளுடைய இடது பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் நானும் தையல்கார அக்காவும் கிளார்க் அங்கிளும் உட்கார்ந்திருந்தோம். பையன்கள் மறுபக்கம்.

அம்மாவை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலை நீட்டி அளந்து பார்க்கையில் அது வேறு யாருடையதோ போல இருந்தது. காது நான் நினைத்ததைவிடக் கீழே இருந்தது. தாடையிலிருந்து இறங்கிய கோடு, கழுத்தில் ஓரிடத்தில் வெளியே வளைந்து, மறுபடி உள்ளே போனது. நான் அதை அப்படியே போட்டேன்.

டீச்சர் வந்து நின்றார். கட்டைவிரல் இறங்கியது. "கழுத்துக் கோடு இப்படிப் புடைக்காது. காதுக்குக் கீழேர்ந்து நேரா நடு எலும்புக்கு வரும். நல்லாப் பார்த்து வரை."

நன்றாகப் பார்த்தேன். மறுபடியும் அப்படியேதான் வந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதே நாற்காலி, அதே தாள். டீச்சர் மறுபடி அழித்தார். "கை இன்னும் பழகல உனக்கு," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அங்க இருக்கு டீச்சர்," என்றேன்.

"சரி, சரி. அப்புறம் பார்க்கலாம்." அவர் கிளார்க் அங்கிளின் பக்கம் போய்விட்டார்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் கொட்டகையின் குறுக்கே துணிக்கொடி கட்டி, எல்லோருடைய தாளையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். கல்லூரியில் அப்படிச் செய்வார்களாம். தள்ளி நின்று, ஒவ்வொன்றிலும் என்ன நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். பையன்களின் மூன்று தாள்களைப் பற்றிச் சொன்னார். அப்புறம் எங்கள் தாள்களுக்குக் கிட்டே போனார்.

எங்கள் மூன்று பேருடைய தாளும் வரிசையாகத் தொங்கின. மூன்றிலும் கழுத்தில் ஒரே இடத்தில் சாம்பல் நிறக் கறை. அவருடைய கட்டைவிரல் கறை. கறையின் மேலே மூன்று பேரும் அதே வளைவை மறுபடி போட்டிருந்தோம்.

டீச்சர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் அந்தத் துண்டை எடுங்க."

"படம்தான் முடிஞ்சிருச்சே."

"எடுங்க அக்கா."

மற்றவர்களை டீச்சர் வெளியே போகச் சொன்னார். நான் கதவோரம் நின்றுகொண்டேன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எத்தனை நாளா இருக்கு இது?"

"தைப்பூசத்துக்கு அப்புறம்தான். வெறும் சதை. தொட்டா வலிக்கல."

"உங்க வீட்டு அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுக்கு? கிள்ளானுக்கு மாத்தல் வருதுன்னு அலையறாரு." அம்மா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "எங்க அக்காவும் இப்படித்தான் ஒரு கட்டின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா. நடந்து போனவளத் தூக்கிட்டு வந்தாங்க. நீ யார்கிட்டயும் சொல்லாத, டீச்சர்."

டீச்சர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே, அப்பா தூங்கி எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது வந்து சொன்னார். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் சத்தம் போடவில்லை, எழுந்து நின்றுகொண்டார்.

"ஏம்மா, படம் சொல்லிக் கொடுக்க வந்தீங்களா, வியாதி சொல்ல வந்தீங்களா? குடும்பப் பொம்பளைய நாலு பேர் முன்னால உட்கார வச்சு, கழுத்து இப்படி இருக்கு, தாடை அப்படி இருக்குன்னு பேசுவீங்களா? நாள் முழுக்கக் கத்தறா, தொண்டை வீங்காம என்ன செய்யும்? போங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் பூட்டு தொங்கியது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவருடைய அண்ணியே தண்ணீர்க் குழாயடியில் பேசினாராம். அம்மா துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். என்னைக் கூப்பிட முடியாமல், பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னாள். தையல்கார அக்கா என்னைத் தெருவில் நிறுத்தி, தீபாவளிக்குத்தான் உங்கம்மா ரவிக்கைக் கழுத்தைத் தளர்த்தித் தைக்கச் சொன்னா, நானும் சதை போட்டிருக்குன்னு நினைச்சேன் என்றார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

கிளார்க் அங்கிளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சுருட்டிய தாள் ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் ஒரு படம் வரைஞ்சிருக்கேன். பாருங்க."

அப்பா தாளை விரித்தார். அவருடைய வாய் ஓரத்தில் சிரிப்பு வந்தது. "யாருண்ணே இது? நம்ம ஸ்டேஷன் காவக்கார ஜாகாவா?"

"உங்க சம்சாரம்."

அப்பா சத்தமாகவே சிரித்துவிட்டார். அங்கிள் சிரிக்கவில்லை. சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார்.

"மூக்கு கோணல், காது பெருசு, எல்லாம் ஒத்துக்கறேன். எனக்கு வரைய வராது, தம்பி. முப்பது வருஷமா ஆளுங்க பேரும் ஐசி அடையாள அட்டை நம்பரும் பார்த்து எழுதறவன் நான். இல்லாத ஒண்ணைக் கற்பனை பண்ணி வரைய எனக்குத் தெரியாது. அந்தக் கழுத்தை அளந்துதான் போட்டேன். டீச்சர் அழிச்சாங்க. மறுபடி அளந்தேன், அங்கதான் இருந்துச்சு. மறுபடி போட்டேன்."

அப்பா தாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தேநீர்க் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னிடம், "அம்மாவக் கூப்பிடு," என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். தாளைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வெளிச்சத்துக்கு வா," என்றார் அப்பா. "துண்டை எடு. இந்தப் பக்கம் திரும்பு."

அம்மா திரும்பினாள். அப்பா கிட்டே போய், விரலின் பின்பக்கத்தால் அந்த இடத்தைத் தொட்டார். மற்றவர் முன்னால் அவர் அம்மாவைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. கிளார்க் அங்கிள் கால்வாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

அம்மா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். அப்பா கையை எடுத்துக்கொண்டார். "ஒரே வீட்டுலதானே இருக்கேன் நானு," என்றார். அம்மாவிடம் சொன்ன மாதிரி இல்லை.

"நாளைக்குக் காலையில வாங்க தம்பி," என்றார் அங்கிள். "நானே கூட்டிட்டுப் போய் டாக்டர் முன்னால உட்கார வைக்கிறேன்."

கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கட்டி மூச்சுக்குழாயை அழுத்த ஆரம்பித்திருந்தது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அம்மா போகும்போது என் தலையை வாரிவிட்டுப் போனாள். பின்னல் இழுத்து வலித்தது. நான் தலையை அசைக்காமல் நின்றேன்.

அந்த நாட்களில் நான் டீச்சர் வீட்டில்தான் சாப்பிட்டேன். அப்பாவே போய்க் கேட்டு என்னை அங்கே விட்டார். அவர் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. "பிள்ளையப் பார்த்துக்குங்க, டீச்சர்," என்றார், அவ்வளவுதான். டீச்சர் கரித்துண்டைத் தொடவே இல்லை. வரைவோமா என்று நான் கேட்டபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கழுத்து எப்படி இருக்கணும்னு காலேஜ்ல படிச்சேன் இல்லயா. அதனால உன் தாளைத்தான் பார்த்தேன். உங்கம்மாவப் பார்க்கவே இல்ல."

அதன்பின் வந்த வருஷங்களை இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா பிழைத்து வந்தாள், பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். ஆனால் அந்தப் பழைய குரல் திரும்பவில்லை. காற்றுப் போல ஒரு குரல்தான் மிஞ்சியது. அப்பா தன்னுடைய ரயில்வே விசிலை அவளுக்குக் கொடுத்தார். கிள்ளானுக்குக் குடிபோன பிறகு அதை ஊதித்தான் என்னைக் கூப்பிடுவாள், தெருநாய்களும் சேர்ந்து வரும். கிள்ளான் வீட்டில் ஒரு தடவை வெள்ளம் இடுப்பளவு ஏறியபோது விசிலும் போனது, அலமாரிக்கு அடியில் வைத்திருந்த படங்களும் கூழாகிப் போயின. டீச்சருக்கு ரவாங்கில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது, கடைசிவரை அங்கேதான் இருந்தார். நானும் ஆசிரியையானேன். என் மாணவர்களின் தாளில் நான் கைவைப்பதில்லை. கோடு தப்பென்று தோன்றினால், அவர்களை எழுப்பிவிட்டு அவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று முதலில் பார்க்கிறேன். பல தடவை அவர்கள் போட்டதுதான் சரியாக இருக்கிறது.

நாங்கள் கிள்ளானுக்குப் போன நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. சாமான்களெல்லாம் கட்டியாகிவிட்டது, மத்தியானத்துக்கு மேல் லோரி வரும். காலையில் அம்மா தானே கொட்டகைச் சாவியை வாங்கி வந்து திறந்தாள். நாற்காலியை இழுத்துக் கதவு வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்தாள். துண்டு இல்லை. கழுத்தில் தையல் தழும்பு, இறுக்கமாகப் போட்ட சிவப்பு அட்டிகை மாதிரி இருந்தது. என்னை அனுப்பி எல்லோரையும் கூட்டிவரச் சொன்னாள். பையன்கள், தையல்கார அக்கா, அங்கிள், எல்லோரும் வந்தார்கள். டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வேணாம் அக்கா. இன்னும் ஆறல. கழுத்த மூடிக்குங்க."

"அன்னைக்கு நீ உட்காரச் சொன்னே, உட்கார்ந்தேன்," என்றாள் அம்மா. காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. "இன்னைக்கு நானே உட்கார்றேன். வரைங்க. நீயும் வரை."

டீச்சர் உள்ளே வந்தார். எங்கள் பின்னால் நிற்காமல், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டார்.

அப்பா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். கயிறு கட்டிக் கட்டி அவருடைய உள்ளங்கை சிவந்திருந்தது. கிளார்க் அங்கிள் நகர்ந்து இடம் கொடுத்து, தன்னிடமிருந்த தாளில் ஒன்றையும் பென்சிலையும் நீட்டினார். அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

தகரத்தின் மேல் தூறல் விழுந்தது. ஒரு சரக்கு ரயில் நீளமாகப் போய் முடிந்தது. நான் தழும்பைப் போட்டேன், ஒவ்வொரு தையலாக. பக்கத்தில் டீச்சர் மெதுவாக, ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அப்பாவும் நிமிர்ந்தே இருந்தார்.

கால் மரத்துப்போய் அம்மா எழுந்ததும், எல்லோரும் தாளைத் திருப்பிக் காட்டினோம். அப்பாவின் தாளில் ஒன்றுமே இல்லை. பென்சில் பட்ட அடையாளம்கூட இல்லை.

"என்ன தம்பி, ஒண்ணும் போடலயா?" என்றார் கிளார்க் அங்கிள்.

அப்பா பென்சிலை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பார்க்கவே நேரம் சரியாப் போச்சு, அண்ணே."